தயிர் சாதத்தில் கேப்சூல்

பகல் பன்னிரண்டு பத்து. அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டு வாசலில், வெள்ளை மீசைக்காரர் ஒருவர் கேப்சூலை நகத்தால் பிளந்து, மனைவிக்கான தயிர் சாதத்தில் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். தினமும் அப்படித்தானாம். நான் அங்கே மொழிபெயர்ப்பாளர்.

"ப்ரோபயாட்டிக்மா, நல்ல பாக்டீரியா. கீமோல அவளுக்கு இம்யூனிட்டியே போச்சு. டாக்டரைக் கேளுங்கன்னான் பையன். தயிர்ல இருக்கறதுதானே, இதுக்குப் போய் டாக்டரா?"

அப்போது டாக்டர் வந்தார். அவர் மனைவிக்கு வந்திருந்த காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்றார். ரத்தத்தில் வளர்ந்திருப்பது ப்ரோபயாட்டிக் கேப்சூல்களில் இருக்கும் கிருமி. எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பில் அதுவே நோயாகிவிடும். அதைத் தமிழில் சொன்னேன்.

அவர் தயிர் சாத டப்பாவை மெல்ல மூடினார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. அப்புறம் என் கையால சாப்பிட மாட்டா."

மறுநாள் காலை அந்த அம்மா இறந்துபோனார்.