இரண்டு துப்பாக்கியும் ஒரு வலது காதும்

அமெரிக்காவில் கிரீன் கார்டு வேண்டுமானால் துப்பாக்கி சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஒருகாலத்தில் நம்பினேன். சிரிக்காதீர்கள், சிரிப்பதற்கு இன்னும் இருக்கிறது. வெறுமனே சுட்டால் போதாது, எந்தத் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறோம் என்பதற்குத்தான் மதிப்பெண் என்றும் நம்பினேன். இத்தனைக்கும் எஞ்சினியரிங் படித்தவன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மிக்ஸி இதையெல்லாம் கிளறிவிட்டது. மகள் தனி அப்பார்ட்மென்டுக்குப் போகிறாள். அவளுக்கு மிக்ஸி வாங்க, பிளானோவில் புதிதாகத் திறந்திருக்கும் இந்தியக் கடைக்குப் போனோம். ஒன்று மலிவு, பிளாஸ்டிக் உடம்பு, சத்தம் போடும் ரகம். இன்னொன்று இரும்புக் கனம், விலையும் அதற்கேற்ப. இரண்டுக்கும் நடுவில் நான் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ மிக்ஸி. பிக் ஒன்" என்றாள்.

அப்போதுதான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலே இல்லாத நீளமான கட்டிடம். வாசலில் கல்லாப்பெட்டி, கோடியில் வெண்டைக்காய். கல்லாப்பெட்டியிலிருந்து வெண்டைக்காய் வரைக்கும் உள்ள தூரத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. பார்த்திருக்கிறேன். அந்த வெண்டைக்காய் இருக்கும் இடத்தில் காகித மனிதர்கள் தொங்குவார்கள். கல்லாப்பெட்டி இருக்கும் இடத்தில் டார்லீன் நிற்பாள்.

"இதே எடத்துல நான் துப்பாக்கி செலக்ட் பண்ணியிருக்கேன், தெரியுமா?" என்றேன்.

"யூ? எ கன்?" என்று அவள் சிரித்த சிரிப்பில் தள்ளுவண்டி தானாக நகர்ந்து அரிசி மூட்டையில் போய் முட்டியது.

தொண்ணூற்று ஏழாம் வருஷம் என்று நினைக்கிறேன். நான் பிளானோவில் டெலிபோன் சுவிட்சுகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். மனைவி புவனா கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கோயம்புத்தூரில் ஒரு பேங்க் கிளையையே அதட்டி மேய்த்தவள். என்னைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு டிபென்டென்ட் விசாவில் வந்து, வேலைக்குப் போகக்கூடாது என்ற ஒரே காரணத்தால் வீட்டிலிருந்தாள். பருப்பு டப்பாக்களை உயரப்படி அடுக்குவாள். மறுநாள் எல்லாவற்றையும் இறக்கி அகலப்படி அடுக்குவாள். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் அந்த அலமாரியைத்தான் பார்ப்பேன். டப்பாக்கள் நிறவாரியாக நின்றால் அன்றைக்குப் பேச்சைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கிரீன் கார்டு வந்தால் அவள் வேலைக்குப் போகலாம். கம்பெனி மனுப் போட்டால்தான் கிரீன் கார்டு. என் மேனேஜர் டுவைன் தலையசைத்தால்தான் கம்பெனி மனுப் போடும். டுவைனின் தலை ஆறரை அடி உயரத்தில் இருந்தது. அது அசைகிறதா இல்லையா என்று கீழேயிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது.

ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில் அந்தத் தலை குனிந்து என்னிடம் சொன்னது: "அடுத்த சனிக்கிழமை துப்பாக்கி சுடற ரேஞ்சுக்கு வர்றியா? வாடகைக்கு ரெண்டு பிஸ்டல் வச்சிருக்காங்க. ஒண்ணு சீப், ஒண்ணு பிரீமியம். உனக்கு எது சரிப்படுதுன்னு பாத்துடலாம்."

நான் உடனே சரி என்றேன். டுவைன் எதைச் சொன்னாலும் சரி என்பதுதான் அன்றைய என் தொழில் முன்னேற்றத் திட்டம்.

என் பக்கத்துத் தடுப்பில் பாலாஜி என்று ஒரு மெட்ராஸ்காரன். உலகத்தில் தற்செயல் என்று ஒன்று கிடையாது என்பது அவன் கொள்கை. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"மச்சி, நம்ம டீம் ரவிக்கு எப்ப கிரீன் கார்டு பைல் பண்ணாங்க?"

"போன வருஷம்."

"ரேஞ்சுக்குப் போயிட்டு வந்த அடுத்த வாரம்! யோசி. 'எது சரிப்படுதுன்னு பாத்துடலாம்'னா என்ன அர்த்தம்? டெஸ்ட் மச்சி. சீப்ப எடுத்தன்னு வை, ரெண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு ஊருக்கு ஓடற பார்ட்டின்னு நெனைப்பான். பிரீமியம் எடுத்தன்னா?"

"என்ன நெனைப்பான்?"

"இவனுக்கு ஏற்கெனவே சம்பளம் ஜாஸ்தின்னு நெனைப்பான்."

அன்று மத்தியானம் நான் எழுதிய புரோகிராமில் ஒரு வரிகூடத் தேறவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

நம் ஆட்கள் டெக்ஸாஸில் எதையும் தனியாக வாங்குவதில்லை. கார் வாங்க வேண்டுமா, மெத்தை வாங்க வேண்டுமா, முதலில் பாட்லக்கில், அதாவது ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் விருந்தில், போட்டு உடைக்க வேண்டும். அந்த வாரக் கடைசியில் பக்கத்து ஊரான காப்பெலில் டாக்டர் அங்கிள் வீட்டில் பாட்லக். பல் டாக்டர். தயிர்சாதத் தட்டோடு நான் மெல்லப் பேச்சை ஆரம்பித்தேன். அங்கிருந்த ஆண்களில் ஒருவர்கூட வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டவரில்லை. ஆனால் ஒருவர்கூட அதற்காக வாயை மூடிக்கொண்டவரும் இல்லை.

"சீப்பா எடுத்தா ஜாம் ஆகும் தம்பி. பார்ட்ஸ் கெடைக்குதான்னு பாத்துக்க" என்றார் ஒருவர்.

"ரீசேல் வேல்யூ எப்படி?" என்றார் இன்னொருவர்.

"அட, வாடகைக்குங்க எடுக்கப் போறேன்."

"வாடகைன்னாலும் ரீசேல் வேல்யூ உள்ள பொருள்னா ஒரு தெம்பு."

டாக்டர் அங்கிள் மட்டும் அறிவியல்பூர்வமாக அணுகினார். "விலை கூடினதுல வெயிட் ஜாஸ்தி இருக்கும். வெயிட் இருந்தா கை உதறாது. என் டிரில்லும் அப்படித்தான்" என்றார். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். இருவரும் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த புவனா காரில் ஏறியதும் கேட்டாள்: "ஏனுங்க, நீங்க சுடறதுக்குப் போறீங்களா, சம்பந்தம் பேசப் போறீங்களா?"

ஆனால் சனிக்கிழமை காலையில் அவள்தான் எனக்கு விபூதி பூசிவிட்டாள். நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஹேர் டிரையரைப் பிடித்துக் கடைசி நேரப் பயிற்சியில் இருந்தேன். "கண்ணைத் தொறந்துக்கிட்டு சுடுங்க. பயத்துல மூடிக்கிறீங்க" என்றாள். இந்தச் சோதனைக் கதையில் அவளுக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். வெளியே வந்தபோது சோபாவின் மேல் அவளுடைய பழைய பேங்க் கைப்பை இருந்தது. தூசி தட்டித் துடைத்து வைத்திருந்தாள். நான் பார்த்ததைப் பார்த்து, "சும்மா, வெயில் காட்டலாம்னு எடுத்தேனுங்க" என்றாள். சோபா பக்கம் வெயிலே வராது.

ரேஞ்சின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது தீபாவளி. அதே மருந்து வாசனை. எனக்கு ஒருகணம் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று யாரையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. சின்ன வயதில் எங்கள் தெருவிலும் இரண்டு வகைத் துப்பாக்கி உண்டு. தகரத்தில் ஒன்று, சுருள் கேப் போட்டால் பத்துக்கு ஒன்று வெடிக்கும். நிக்கல் பூசியது மற்றது, எல்லாம் வெடிக்கும். என்னிடம் தகரம். நான் வாயாலேயே 'டுப்' என்று சொல்லிச் சமாளித்தவன். அந்த அனுபவம் இங்கே செல்லுமா என்று தெரியவில்லை.

கவுண்டரில் டார்லீன். ஐம்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், எல்லாரும் அவளுக்கு 'ஹனி'. பாதுகாப்பு விதிகளை ஒப்பித்தாள். துப்பாக்கிமுனை எப்போதும் எதிரே உள்ள சுவரைத்தான் பார்க்க வேண்டும், யாரையும் பார்க்கக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கனத்த மூடி. எனக்குப் பதற்றத்தில் பாதி கேட்டது, மூடி போட்ட பிறகு மீதியும் போயிற்று.

பிறகு இரண்டையும் தட்டில் வைத்தாள், குண்டு இல்லாமல். மலிவானதை எடுத்து விசையை இழுத்துப் பார்த்தேன். மழைக்காலத்து மரக்கதவுபோல முரண்டு பிடித்தது. விலை கூடியது எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி நகர்ந்தது. டுவைன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மலிவா, பிரீமியமா? ஊருக்கு ஓடுபவனா, சம்பளம் ஜாஸ்தியானவனா?

"இதுல எது அதிகமா போகுது?" என்று டார்லீனைக் கேட்டேன், புடவைக் கடையில் கேட்பதுபோல.

"ஹனி, ரெண்டுக்கும் ஒரே வாடகைதான்" என்றாள்.

ஒன்றரை வாரமாக நான் தூக்கிச் சுமந்த தராசு அங்கேயே விழுந்து உடைந்தது. ஒரே வாடகையென்றால் எந்தத் தமிழன் மலிவை எடுப்பான்? பிரீமியத்தைக் கைகாட்டினேன். அவள் அதை முறைப்படித் திறந்து, காலி என்று எனக்குக் காட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கைகள்தான் பொறுப்பு. பள்ளியில் புதுப் புத்தகம் வாங்கியபோதும், காலேஜில் கால்குலேட்டர் வாங்கியபோதும், இதே டுவைன் எனக்குப் புதுக் கீபோர்டு கொடுத்தபோதும் அவை என்ன செய்தனவோ அதையே செய்தன. துப்பாக்கியை மேலே தூக்கி, பயபக்தியோடு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன்.

"நோ! நோ! நோ! நோ!" என்று டார்லீன் போட்ட சத்தம் காதுமூடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்தேன். துப்பாக்கி என் கையில் இல்லை, டார்லீன் கவுண்டரின் இந்தப் பக்கம் இருந்தாள். அந்த உடம்போடு எப்படித் தாண்டினாள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். டுவைனைக் காணவில்லை. பெஞ்சுக்கு அடியில் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தன.

டார்லீன் என் காதுமூடியைக் கழற்றி, தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். குரல் ஒரேயடியாக இளகிவிட்டது. "ஹனி, வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்களா? மனசு விட்டுப் பேசணுமா?"

பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்த டுவைன் முகம் வெளுத்திருந்தது. "அந்த சாஃப்ட்வேர் ரிலீஸை ரெண்டு வாரம் தள்ளி வச்சுக்கலாம். நான் மேல பேசிக்கிறேன். உன்னை ரொம்ப நெருக்கிட்டேன்" என்றார்.

"ஐயோ, அதில்லை! எங்க வழக்கம் இது" என்று நான் கத்தினேன். "டூல் எதைக் கையில வாங்கினாலும் கண்ணுல ஒத்திப்போம். மரியாதை!"

டுவைன் யோசித்தார். "கீபோர்டையுமா?"

"கீபோர்டையும்தான்."

"அப்ப உன் மானிட்டர்ல மூணு மஞ்சள் பொட்டு இருக்கே..."

"அது ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம்."

"துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன். போகலை" என்றார் டுவைன்.

டார்லீனுக்கு மரியாதை புரிந்தது. ஆனால் விதி விதிதான். பிரீமியமும் கிடையாது, மலிவும் கிடையாது என்று இரண்டையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். முதல்முறை வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சின்ன ரகப் பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்து, கொடுப்பதற்கு முன் என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள்: "நோ கிஸ்ஸிங்!" பிறகு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். சுட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான். காகித மனிதனை இழுத்துப் பார்த்தால் நெஞ்சில், வயிற்றில், தோளில் எங்கும் கீறல்கூட இல்லை. வலது காதில் ஒரே ஒரு ஓட்டை.

போயிற்று என்று நினைத்தேன். புவனாவின் கைப்பை கண்ணுக்குள் வந்தது. இனிமேல் இழக்க என்ன இருக்கிறது என்ற துணிச்சலில் பார்க்கிங்கில் டுவைனிடம் கேட்டே விட்டேன். "என் கிரீன் கார்டு விஷயம்... இன்னிக்கு இப்படி ஆனதால..."

"அதுவா? லாயர் போன மாசமே மனுவை அனுப்பிட்டாரே. உனக்கு யாரும் சொல்லலையா?"

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"சனிக்கிழமையில ரெண்டாவது ஆளுக்கு ஃப்ரீ" என்றார் டுவைன். "என் பெண்டாட்டி வர மாட்டா. போன வருஷம் ரவி வந்தான். அவன் இப்ப வேற டீம்."

வீட்டுக்கு வந்து காகித மனிதனைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். புவனா குனிந்து தேடினாள். "எங்கீங்க ஓட்டை?" காட்டினேன். மனுப் போட்ட சங்கதியையும் சொன்னேன். அவள் போய் அந்தக் கைப்பையை எடுத்து, உள்ளே ஒரு பேனாவைப் போட்டு, ஜிப்பை மூடிக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அது அங்கேயே நாலு வருஷம் தொங்கியது. மகள் பிறந்து, டேகேருக்கு அனுப்பும் வயதும் அவளுக்கு வந்த பிறகுதான் கார்டு வந்தது. அடுத்த மாதமே கைப்பை ஆணியிலிருந்து இறங்கி ஒரு பேங்குக்குப் போயிற்று. பருப்பு டப்பாக்கள் அன்றிலிருந்து கண்டபடி நிற்கின்றன.

கார்டுக்குப் போட்டோ எடுத்தபோது ஸ்டுடியோக்காரர் என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, வலது காது நன்றாகத் தெரிய வேண்டும், அதுதான் அரசாங்க விதி என்றார். அப்போது அப்படித்தான். புவனா கார்டைப் பார்த்துவிட்டு, "காது மட்டும் தப்பவே மாட்டேங்குதுங்க" என்றாள்.

இப்போது புதுக் கார்டுகளில் எல்லாரும் நேராகப் பார்க்கிறார்கள், அந்த வலது காது போய்விட்டது. காகித மனிதன், நாங்கள் வீடு மாறியபோது, எந்தப் பெட்டியிலோ போனான். டுவைன் ரிட்டயராகி ஆர்கன்ஸா பக்கம் ஏரிக்கரையில் குடியேறிவிட்டதாகக் கேள்வி. டார்லீன் எங்கே போனாள் என்று வெண்டைக்காய்க்காரப் பையனிடம் கேட்க முடியாது.

மகள் பொறுமையிழந்து மலிவு மிக்ஸியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். வழக்கம்போலக் கைகள் தம் வேலையைச் செய்தன. "அப்பா, ப்ளீஸ்" என்றாள் சுற்றிலும் பார்த்துக்கொண்டு. கல்லாவில் இருந்த பெண் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒருவரும் பெஞ்சுக்கு அடியில் போகவில்லை.

சரி, மலிவா பிரீமியமா, எது நல்ல துப்பாக்கி என்கிறீர்களா? எனக்குத் தெரியாது. இரண்டாலும் நான் சுடவே இல்லை.