பவளத்துக்கு ஓர் அர்ச்சனை

போன வாரம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் கடைக்குட்டி பக்கத்தில் உட்கார்ந்து போனில் முயல் படம் பார்த்தாள். குகைக்குள் முயல், வாசலில் ஓநாய். என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் விரலால் ஒரு இழு இழுத்தாள். "தப்பிச்சிருச்சும்மா" என்றாள். எப்படித் தப்பியது என்று கேட்டேன். "அத நா பாக்கலயே" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த மாவின் வாசம் எனக்கு எப்போதுமே ஒரு முதலையை ஞாபகப்படுத்தும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். நான் ஏழாம் வகுப்பு. அதற்கு மேல் பெரிதாகப் படித்துவிடவில்லை. ஆனால் அந்த லயத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிற பொம்பளைப் பிள்ளை நான்தான். மாலையில் பெண்கள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டு எங்கள் காம்பராவின் முன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்காருவார்கள். அம்மா உள்ளே ரொட்டி சுடுவார். நான் கதை வாசிப்பேன். முதல் ரொட்டி வாசிக்கிறவளுக்கு. தாய்மாமன் வந்தால்கூட இரண்டாவதுதான்.

அந்தப் புத்தகம் எங்கள் டீச்சருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். லீவு விட்ட அன்று, "இது நான் சின்னனில வாசிச்சது பிள்ளை, கவனமா வச்சிரு" என்று தந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

கதையில் பவளம் என்று பத்து வயதுப் பிள்ளை. தாய்க்குக் காய்ச்சல். மருந்து எடுத்துக்கொண்டு தொங்குபாலத்தில் வருகிறாள். நடு ஆற்றில் ஒரு பக்கக் கயிறு அறுகிறது. ஒற்றைக் கையில் தொங்குகிறாள். கீழே முதலை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. 'அப்போது' என்று பக்கம் முடிந்தது. திருப்பினேன். அடுத்தது அட்டை. கடைசித் தாள்கள் எந்தக் காலத்திலோ கழன்று போயிருந்தன.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல் ரொட்டி கண்முன் வந்தது. "மிச்சம் நாளைக்கு" என்று மூடினேன்.

பக்கத்துக் காம்பரா செல்லாயி அக்கா எழுந்துவிட்டார். கணக்கப்பிள்ளையையே எதிர்த்துப் பேசுகிற ஆள். "ஏண்டி, புள்ள தொங்குது, நீ பொஸ்தகத்த மூடுற?"

"அது கதைதானக்கா" என்றார் அம்மா.

"கதைன்னா? கதையில தொங்குனா கை வலிக்காதா?"

சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "மாரியாத்தா, அந்தப் புள்ள கரையேறுற வரைக்கும் பகல்ல சோறு தண்ணி தொட மாட்டேன்."

மறுநாள் வெறும் அட்டையைப் பார்த்து வாசித்தேன். முதலைக்கு அன்றைக்கு வயிறு நிறைந்திருந்தது என்றேன்.

"அப்ப ஏன் வாயத் தொறந்துகிட்டு நிக்குது?"

ஒரு கழுகை அனுப்பினேன்.

"கழுகு கோழிக்குஞ்சத் தூக்கும். பத்து வயசுப் புள்ளயத் தூக்குமா? ஒழுங்கா வாசிடி."

கடைசியில் முருகனையே மயிலில் வரவழைத்தேன். செல்லாயி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி வந்தது நல்லதுதான். ஆனா நா நேந்துகிட்டது மாரியாத்தாகிட்டயில்ல? அவ சும்மா இருந்திருப்பாளா?"

பவளம் தொங்கிக்கொண்டே இருந்தாள். அக்கா விரதம் இருந்துகொண்டே இருந்தார்.

விரதத்தின் மூன்றாம் நாள் பகல், அம்மாவுக்குச் சாயத்தண்ணி, பால் விடாத தேநீர், எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கிற மலைக்குப் போனேன். செல்லாயி அக்கா அரைக் கூடைக் கொழுந்தோடு கண்ணை மூடிச் செடியடியில் உட்கார்ந்திருந்தார். கங்காணி வந்தார்.

"என்ன செல்லாயி, சொகமில்லையா?"

"பாலம் அறுந்துருச்சு கங்காணி. புள்ள தொங்குது."

பாவம், கங்காணி ஓடைப் பாலத்தை நோக்கி விழுந்தடித்து ஓடினார். எனக்கு அதைப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை. அக்காவின் உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆத்தா, நீதான் வழிகாட்ட வேண்டும் என்று நானும் கண்ணை மூடினேன். திறந்தபோது எதிரில் தெரிந்தது அக்காவின் தலையில் அழுத்திக்கொண்டிருந்த கூடைக்கயிறு.

"அக்கா, பவளம் முதுகுல கூடை இருக்கு" என்றேன்.

அவர் கண் திறந்தார். "கூடைன்னா தலையில கயிறு இருக்குமே!"

அவ்வளவுதான். செடிகளுக்குள்ளிருந்து தலைகள் நிமிர்ந்தன.

"அந்தக் கயித்த அவுத்து, அறுகாத கயித்துல மாட்டச் சொல்லு!"

"ஒத்தக் கையில எப்புடி மாட்டுவா?"

"பல்லால கடிச்சுக்கிட்டு மாட்டுவா. மழையில இடுப்புல படங்குச் சாக்கு கட்டறப்ப நாம கடிக்கல?"

"மொதல்ல மருந்த மடியில சொருகச் சொல்லு. அப்புறம் கூடைய முதலை வாயில போடட்டும்!"

ஆளுக்கு ஒரு கை கொடுத்துப் பவளத்தைக் கரையேற்றினார்கள். செல்லாயி அக்கா சாயத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். "இத மொதல்லயே வாசிச்சிருக்கலாம்லடி?" என்று என் தலையில் குட்டினார். என் கையில் புத்தகமே இல்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஓடைவரை போய்வந்த கங்காணி மட்டும், "எந்தப் பாலம்?" என்று மூச்சுவாங்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்தோம். பூசாரி பெயர் கேட்டார். பவளம் என்றார் அக்கா. நட்சத்திரம்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ரோகிணி" என்றேன். சந்நிதியில் சொன்ன பொய், ஆத்தா மன்னிக்க வேண்டும். ஆனால் கற்பூரம் காட்டும்போது எனக்கும் கண் கலங்கியது.

லீவு முடிந்து டீச்சர் வந்ததும் உண்மை முடிவைக் கேட்டேன். "அவள் நித்திரையால எழும்பிடுவாள். எல்லாம் கனவெல்லே" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம். ஒரு மனுசி மூன்று பகல் பட்டினி கிடந்தது கனவுக்கா? 'அப்போது' என்று பக்கம் நின்ற இடத்தில் எங்கள் மலைப் பெண்கள் எழுதியவரைவிட நன்றாக யோசித்தார்கள். அந்தக் கனவு முடிவை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வருடங்கள் போய், என் கல்யாணத்தன்று செல்லாயி அக்கா காதோரம் வந்து, "அந்தப் பவளத்துக்கும் வயசாகியிருக்குமே, எங்கயாச்சும் கட்டிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். பசறைப் பக்கம், நல்ல இடம் என்றேன். நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

இப்போது அந்த லயம் இல்லை, இடித்துவிட்டார்கள். அந்த மலையில் கொழுந்தும் இல்லை, மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. செல்லாயி அக்கா போய்ச் சேர்ந்தும் பல வருடமாகிறது. பவளம் எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் விசாரிக்க இப்போது ஆளில்லை.