என் மெஷின்ல பேசுதே

லிஃப்ட் பொத்தானைக்கூட இரண்டு தட்டுத் தட்டினால்தான் அவருக்குத் திருப்தி. அதனால் எங்கள் அலுவலகத்தில் அவர் பெயர் டபுள் கிளிக். பிழைப்புக்குச் சரக்கு இருப்பு பார்க்கிறார். புரோகிராம் எழுதுவது சொந்தக் கிறுக்கு. மதியம் ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, மறு கை கீபோர்டில். பக்கத்து மேசைக்காரன் என்பதால் எல்லாப் புலம்பலும் எனக்குத்தான்.

அவருடைய அக்காவுக்கு ஒரு நரம்பு நோய். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. போவதற்குள் அக்காவின் குரலைப் பதிவு செய்து, திரையில் பெரிய பொத்தான்களாக அடுக்கினார். ஒன்றை அழுத்தினால் அக்கா குரலே தண்ணீர் கேட்கும். "இதையும் போட்டுக்கோ" என்று அக்காவே வற்புறுத்திச் சொன்னது ஒன்று: "வந்துட்டியாடா?" அலுவலகத்தில் போட்டுக் காட்டியபோது அசந்துபோனோம்.

அக்கா வீட்டுக் கணினியில் அது தனியாக ஓட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டி பென் டிரைவில் கொண்டுபோனார். பொத்தான்கள் வந்தன, குரல் வரவில்லை. திரும்பி வந்து தன் மடிக்கணினியில் அதே கோப்பைத் திறந்தால், கணீரென்று பேசுகிறது. "என் மெஷின்ல பேசுதே!" என்பார், குற்றம் அக்கா வீட்டுடையது என்பதுபோல. ஸ்பீக்கரை மாற்றினார். ஆன்டிவைரஸைத் திட்டினார். சம்பந்தமே இல்லாமல் பொத்தான்களின் நிறத்தையும் மாற்றினார். மாதங்கள் ஓடின. "வந்தா அவ மூஞ்சியப் பாக்கறதில்ல, பெட்டியத்தான் பாக்கறான்" என்று அக்காவின் கணவர் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

ஒருநாள் மடிக்கணினியில் இடம் ஒழிக்கும்போது, குரல் பதிவுகள் இருந்த ஃபோல்டரை வேறெங்கோ நகர்த்தினார். உடனே அவருடைய மடிக்கணினியும் ஊமையாகிவிட்டது. அப்போதுதான் விளங்கியது: புரோகிராம் இத்தனை நாளும் அந்த ஃபோல்டரிலிருந்துதான் குரலை எடுத்திருக்கிறது. அவர் சுமந்துபோன மூட்டைக்குள் அக்காவின் குரலே இல்லை. "கூடவே வெச்சுக் கட்டியிருக்கணும். ஒரு வரி வேலைங்க" என்றார்.

சரிசெய்துகொண்டு போனபோது நானும் உடன் போனேன். அதற்குள் அக்காவுக்குப் பேச்சு முழுவதும் நின்றிருந்தது. அழுத்த விரலும் எழவில்லை. அவரே அழுத்தினார், ஒரே ஒரு முறை.

"வந்துட்டியாடா?" என்று கேட்டது அக்காவின் குரல்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, அக்காவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

"வந்துட்டேன்க்கா."