அம்மா குரலில் ஒரு ஜப்பான்காரப் பெண்

நான் இப்போது வேலை பார்க்கும் இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி ஒரு சண்டை வரும். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூனை ஜப்பானிய மொழியிலேயே, கீழே எழுத்து ஓட ஓடப் பார்ப்பதா, தமிழில் டப் செய்ததைப் பார்ப்பதா என்று. இரண்டு கட்சியும் உயிரைக் கொடுத்துக் கத்தும். நான் எதிலும் சேர்த்தி இல்லை. நான் முதன்முதலில் பார்த்த அனிமேவுக்கு வசனம் பேசியது என் அம்மா. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள் என்று டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விடுவேன்.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. கத்திரி வெயிலில் அந்தப் பள்ளத்துக்குள் பகலில் நின்றால் மனுஷன் வெந்துவிடுவான். அதனால் மே மாதம் வந்தால் அப்பா யாரிடமாவது பேசி, ஷிப்ட் மாற்றிக்கொண்டு, மாதம் முழுக்க நைட் ஷிப்டுக்கே போய்விடுவார். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தாரென்றால், மதியம் வரைக்கும் வீட்டில் ஒரு கரண்டி கீழே விழக் கூடாது. டவுன்ஷிப்பில் வளர்ந்த எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அப்பா நைட் ஷிப்ட் என்றால் வீட்டில் எல்லோரும் பூனைதான்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஏர் கூலர். அது ஹாலில். டிவியும் ஹாலில். ஆகவே அப்பாவும் ஹாலில், டிவிக்கு நேர் கீழே பாய் விரித்து, முகத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். டிவி பார்த்தால் அவருக்கு ஆட்சேபணை இல்லை. சத்தம் மட்டும் கூடாது.

அந்த வருஷம் நான் ஏழாவது முடித்திருந்தேன். ஜூன் மாதம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. ஏதோ கட்டி என்றார்கள். அதற்குமேல் கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ போய் வெளையாடு" என்பார்கள். ஒன்றுமில்லாததற்கு யாராவது வயிற்றைக் கிழிப்பார்களா? அம்மா செத்துப்போய்விடுவாள் என்று எனக்கு பயம். குளிக்கும்போது அழுவேன், தண்ணீர் மொள்ளும் சத்தத்தில் வெளியே கேட்காது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதுவே நடந்துவிடும் என்று ஒரு முட்டாள்தனம்.

அப்படிப்பட்ட லீவில்தான் ஒருநாள் சேனலை மாற்றிக்கொண்டே போகையில் அந்தக் கார்ட்டூன் மாட்டியது. முகத்தில் பாதிக்குக் கண். காற்றடிக்காமலே பறக்கும் முடி. ஒரு பெண், என் வயதுதான் இருப்பாள், காலையில் எழுந்து தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைதெறிக்க ஓடுகிறாள். அதைப் பார்த்துவிட்டு அவளை ரிலே ஓட்டத்தில் சேர்க்கிறார்கள். கார்ட்டூன் என்றால் எலியும் பூனையும் அடித்துக்கொள்வது என்று நினைத்திருந்த எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவளுக்கு வேர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, கோபத்தில் தட்டை நகர்த்தி வைக்கிறாள்!

தமிழில்தான் பேசினார்கள் போல. எனக்கு எங்கே கேட்டது? சத்தம் பூஜ்யத்தில். "என்னம்மா சொல்றா? என்னம்மா சொல்றா?" என்று கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"எனக்கு மட்டும் கேக்குதா? சும்மா இருடி, அப்பா முழிச்சிக்குவாரு" என்றாள் அம்மா. ஆனால் நான் விடுகிற ஆளா? பிடுங்கல் தாங்காமல், என் காதோரம் கிசுகிசுக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர். முந்திரியும் பலாவும் பங்காளிச் சண்டையும் விளைகிற பூமி. அதனால் அந்த ஜப்பான்காரப் பெண்ணுக்கும் ஒரு முந்திரித் தோப்பு இருந்தது. மைதானத்து ஓரம் தொப்பி போட்டுக்கொண்டு, எப்போதும் முறைத்துக்கொண்டே ஒருவர் நிற்பார். ஓட்டப் பயிற்சி கொடுப்பவர் என்று எனக்கே தெரிந்தது. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் பெரியப்பன்டி. தோப்ப எழுதி வாங்கிக்கினு ஏமாத்திட்டான். கடலூரு கோர்ட்டுல கேஸு நடக்குது. இப்ப பாரு, மொறச்சிகினு நிக்கிறான், இவ ஜெயிச்சா எங்க பங்கு கேப்பாளோன்னு." சரியாக அந்த நேரம் தொப்பிக்காரர் விரலை நீட்டிக் கத்துவார். அம்மா சொன்னதுக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

முதல் நாளே இன்னொரு காட்சியும் வந்தது. அந்தப் பெண் வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்ன அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்கிறாள். உள்ளே ஒரு பெண்மணியின் போட்டோ. பக்கத்தில் ஊதுபத்தி புகைகிறது. அம்மா கீரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யாரும்மா அது?"

"அவ அம்மா."

"எங்க போயிட்டாங்க?"

"வெளியூர்ல வேலை. போட்டோவ பார்த்து பேசிக்கினு இருக்கா."

"ஊதுபத்தி எதுக்கு?"

அம்மா கீரைக் கட்டைப் பிரித்தாள். "கொசுவுக்கு. அந்த ஊர்ல கொசு ஜாஸ்தி."

நம்பினேன். நம்ப வேண்டும் போல இருந்தது, அதனால் நம்பினேன். அதற்குப் பிறகு தினமும் பதினொரு மணிக்குக் கொசுவுக்கு ஊதுபத்தி ஏற்றினார்கள், அம்மாவும் தினமும் வெளியூரிலிருந்து ஒரு சேதி வரவழைத்தாள். சம்பளம் கூட்டியிருக்கிறார்களாம். பஸ் கிடைக்கவில்லையாம். கடைசி ஓட்டத்துக்கு எப்படியும் வந்துவிடுவாளாம். நான் அந்த ஓட்டத்தையா எதிர்பார்த்தேன்? அந்த அம்மா வருவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குத் தெரியாத ஒன்று, துண்டுக்கு அடியில் அப்பா தூங்கவே இல்லை என்பது. கதை கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்! கேட்டது போதாதென்று, ஷிப்டில் டீ குடிக்கும்போது கூட வேலை செய்கிறவர்களுக்கு அதை வரி விடாமல் சொல்லியும் வந்திருக்கிறார். தோப்பு, கேஸ், பெரியப்பன், எல்லாம். அத்தனை பேரும் "அப்புறம் என்னண்ணே ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து பிளாக்கில் இருப்பவர். அவர் வீட்டில் பெட்ரூமில் ஏசி. கதவைச் சாத்திக்கொண்டு அவர் தூங்க, ஹாலில் அவர் மகள் அதே கார்ட்டூனைச் சத்தத்தோடு பார்த்திருக்கிறாள். அப்புறம் என்ன, அவள் சொன்ன நிஜக் கதையை அவர் ஒருநாள் ஷிப்டில் எடுத்துவிட, அத்தனை பேர் முன்னாலும் அப்பாவின் மானம் கப்பலேறிவிட்டது.

மறுநாள் காலை சைக்கிளை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு அப்பா நேராகச் சமையலறைக்குப் போனார். நான் பின்பக்கக் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாடி கதை வுட்டுகினு இருக்க? தோப்பும் இல்ல, கேஸும் இல்லயாம். அந்தப் பொண்ணுக்கு அம்மாவே இல்லயாம், மொதல்லயே செத்துட்டாளாம்! டீ குடிக்கிற எடத்துல அத்தன பேரும் சிரிக்கிறானுங்க."

"கத்தாதீங்க. எனக்கும் தெரியும். போட்டோவுக்கு எதுக்கு ஊதுபத்தி வெப்பாங்கன்னு தெரியாதவளா நான்? புள்ள தெனம் குளிக்கிற ரூம்புல அழுதுகினு இருக்கு. ஆபரேஷனுக்குப் போற நான், அவகிட்ட எந்த வாயால அத சொல்ல?"

பேஸ்ட் நுரையை நான் விழுங்கிவிட்டேன்.

அன்றைக்குத்தான் கடைசிப் பகுதி. பதினொரு மணிக்கு அப்பா துண்டை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். ரிமோட்டை என் கையில் வைத்தார். "நான் தூங்கல பாப்பா. வேணும்னா இன்னிக்கி சத்தமா வச்சிக்கோ."

எத்தனை நாள் ஆசை அது! பொத்தான் மேல் விரல் இருந்தது. அழுத்தினால் அந்தக் கார்ட்டூன்காரர்கள் நல்ல தமிழில், தெளிவாக, அம்மா செத்துப்போன கதையைச் சொல்லிவிடுவார்கள். ரிமோட்டைப் பாய் மேல் வைத்தேன். "வேணாம்பா. அம்மாவே சொல்லட்டும்."

அம்மா சொன்னாள். அன்றைக்குக் கிசுகிசுக்கத் தேவையில்லை, இருந்தும் குரல் எழும்பவில்லை. ஓட்டம் நடந்தது. நம் பெண் கடைசியாகக் குச்சியை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, ரெண்டாவதாக வந்தாள். அப்பா தொடையில் அடித்துக்கொண்டார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதார். "பெரியப்பனுக்கு இப்பதான் புத்தி வந்துது" என்றாள் அம்மா.

பிறகு வீடு. அலமாரி. அந்தப் பெண் மெடலைக் கழற்றிப் போட்டோவுக்கு முன்னால் வைத்து, கை கூப்பினாள். ஊதுபத்திப் புகை. அம்மா டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

நானே சொன்னேன். "அவங்க அம்மா செத்துட்டாங்க. கொசுவுக்கு இல்ல."

அம்மா என்னைத் திருப்பித் தன் பக்கம் உட்கார வைத்தாள். "ஆமா. செத்துட்டாங்க. அது அவ அம்மா. நான் ஒன் அம்மா. நான் சாவறதுக்குப் போவலடி, கட்டிய எடுத்துக்கினு வூட்டுக்கு வரத்தான் போறேன். டாக்டரம்மா தெனமும் செய்யிற ஆபரேஷன்தான் இது. பயமா இருந்தா என்கிட்ட சொல்லணும், பாத்ரூம்புக்கா சொல்லுவ?"

அவள் மடியில் விழுந்து ஓவென்று அழுதேன். அந்த மே மாதம் முழுக்க அடக்கி வைத்த சத்தம் அது.

"அப்ப அந்தத் தோப்பு?" என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"தூங்குங்க மொதல்ல" என்றாள் அம்மா, சிரித்துவிட்டாள்.

ஜூனில் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அம்மா அங்கே இருந்த நாட்களில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பாதான் எனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினார். ஒரு சாயங்காலம் நான் ஸ்கூல் விட்டு வரும்போது வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் தோளைப் பற்றி மெல்ல இறங்கினாள். இளைத்துப் போயிருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாமா, வலிக்குமா என்று தெரியாமல் பையோடு நின்றேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயய்யே, என்னாடி இது தலையா, தேங்கா நாரா? சீப்ப எடுத்தா."