துப்பாக்கிக்குள் பொரி

என் நைனாவிடம் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. தி. நகரில் ஒரு நகைக்கடை வாசலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்கு வேலை. அந்தத் துப்பாக்கி நகைக்கடைக்காரருடையது அல்ல, நைனாவுடையது. லைசென்சும் அவர் பெயரில்தான். அதற்கு முன்னால் அடையாற்றில் ஒரு பங்களாக்காரருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் குளிர்காலத்தில் பெருங்குடிப் பக்கத்துச் சதுப்பில் உள்ளான் சுடப் போவார். நைனா சேற்றில் இறங்கி, விழுந்த பறவைகளை எடுத்து வருவார். பங்களாவை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனபோது அவர் நைனாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்தத் துப்பாக்கியைத்தான்.

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். லைசென்சோடு துப்பாக்கி வைத்திருந்தவர்கள் குறைவு. அதனால் நகைக்கடை வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரியில் கால் வைத்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் தன் பெயருக்கு மேல் எதையும் எழுதியதில்லை. இதை நான் கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, மந்தைவெளியில் எங்களுக்கு அடுத்த வீட்டிலேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்களோடுதான் சாப்பாடு. கதர்க் கடையில் வேலை, உடம்பிலும் கதர். பொய் சொல்வதில்லை என்று சின்ன வயதில் எடுத்த விரதத்தை விடாமல் வைத்திருந்தார். நைனா கறுப்பு சிவப்புக் கரைத் துண்டுக்காரர், கடவுள் இல்லை என்பவர். அறுபத்தேழு தேர்தலில் மாமாவின் கட்சி தோற்ற அன்று நைனா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். மாமாவிடமும் ஒன்றை நீட்டினார். மாமா வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "மிட்டாய் இன்னா பாவம் பண்ணுச்சு" என்றார்.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் மாமா விட்டுக்கொடுக்கவே மாட்டார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ள, அத்த ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வேற வேல பாரு. மனுசன் வூட்ல வச்சிக்கிற சாமானா அது?"

"போலீஸ்காரன் கைல கீது, ஜமீன்தார் கைல கீது, பங்களாக்காரன் கைல கீது. அப்பல்லாம் உனுக்கு அகிம்சை ஞாபகம் வர்ல. நம்மாளு கைல ஒண்ணு வந்தவுடனே வந்துடுச்சா மச்சான்?"

"யார் கைல இருந்தாலும் தப்புதான்."

"அப்ப மொதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு வா. என்கிட்ட கடைசியா வா."

மாமா மோரை ஊற்றிக்கொண்டே, "நீதான கிட்ட கீற" என்பார்.

நைனாவின் கட்சிக்காரர்களுக்கும் அந்தத் துப்பாக்கி பிடிக்கவில்லை. எங்கள் தெருமுனையில் அவர்களுடைய படிப்பகம் இருந்தது. யாராவது பேப்பரை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அங்கே ஒருவர், "மொதலாளி தங்கத்துக்கு நீ காவலா? அது ஒரு நாள் நம்மாளு மேலயே திரும்பும் தலைவரே" என்று அடிக்கடி குத்துவார். "என் கைல இருக்கசொல்ல எப்டித் திரும்பும்?" என்பார் நைனா.

துப்பாக்கியைச் சொல்லிக் குத்த எனக்கும் ஒருத்தி வாய்த்திருந்தாள். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், அடையாற்றுக்காரி. "உங்காத்துல துப்பாக்கி இருக்காமே? பயமா இல்லையோடீ?" என்று கேட்டாள். அவள் வீட்டுக் கூடத்தில் புலித்தலையும் அதன் கீழே இரண்டு துப்பாக்கிகளும் மாட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். "அது ஷிகாருக்கு, வேட்டைக்குடீ" என்றாள். மாமா சொல்வது சரி என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்த நான் அன்றைக்கு நைனாவின் கட்சிக்கு மாறினேன்.

வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நைனா அந்தத் துப்பாக்கியில் தோட்டா போட்டதே இல்லை. இரண்டு தோட்டாவும் சட்டைப் பையில், பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். "கடைக்குக் கொழந்தைங்க வருது" என்பார்.

நைனாவின் கட்சி இரண்டாக உடைந்த சமயம் அது. தெருவுக்குத் தெரு கைகலப்பு. லைசென்சைப் புதுப்பிக்க வேண்டிய நேரமும் அப்போதுதான் வந்தது. ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் நைனாவின் துண்டைப் பார்த்தார். "கட்சிக்காரங்க கையில துப்பாக்கி இருக்கிறது எனக்குப் பிடிக்கல. உன்னைப் பத்தி நல்லபடியாச் சொல்ல ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. உங்க கட்சி ஆளு வேணாம். துப்பாக்கியையும் எடுத்துட்டு வா, பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திருநெல்வேலிக்காரரான நகைக்கடை முதலாளி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "துப்பாக்கி இல்லன்னா வாசல்ல நிக்கதுக்கு நீரு எதுக்குவே?"

வேலை போனால் என் படிப்பும் போகும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நைனா மட்டும் மாமாவைத் தேடிப் போய் நின்றார். மாமா யோசித்தார். "வரேன் மாப்ள. ஆனா கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்."

"அதான் பயமே" என்றார் நைனா.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மணை, தையல் மிஷின், என் புத்தகங்கள் எல்லாவற்றையும் அம்மா அடுக்கினாள். துப்பாக்கியையும் வைக்க வேண்டும் என்றாள். நைனா, சாமியே இல்லாதபோது பூஜை எதற்கு என்றார். மாமா, சாமிக்கு முன்னால் கொலைக் கருவியா என்றார். அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வூட்டுக்குச் சோறு போடறது அது. அத்த மட்டும் ஒதுக்கி வக்கணுமா?" என்றாள் அம்மா. இருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் நைனா படிப்பகத்துக்கும் மாமா கோயிலுக்கும் போனதும், அம்மா பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தாள். சுவரோரமாக நிமிர்த்தி வைத்தாள். அதன் மரக்கட்டையில் மூன்று சந்தனப் பொட்டு, குங்குமம். கற்பூரம் காட்டினாள். கடைசியில் பொரியும் பொட்டுக்கடலையும் ஒரு கை அள்ளி, குழந்தைக்குப் போடுவதுபோல அதன் தலையில் போட்டாள். துப்பாக்கிக்குத் தலை என்று அவள் நினைத்தது குழலின் வாய். அப்புறம் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். மறுநாள் முழுக்க நைனா பொரியைத் தோளில் சுமந்துகொண்டு பவுனுக்குக் காவல் நின்றார்.

ஸ்டேஷனுக்கு நானும் போனேன். இங்கிலீஷில் ஏதாவது நீட்டினால் படிக்க வேண்டுமே. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை மடித்துத் திறந்து குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. மேஜைமேல் தட்டினார். பொரி கொட்டியது. பின்னாலேயே பொட்டுக்கடலை. ஒரு கடலை உருண்டு போய் அவர் தொப்பியில் முட்டி நின்றது.

ஒரு கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "யாரு பூஜை போட்டது?"

லைசென்ஸ் புத்தகத்தில் இருந்த விதிகளை நைனாவுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவரைத் தவிர வேறு யாரும் அந்தத் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அம்மா என்று சொன்னால் லைசென்ஸ் அங்கேயே முடிந்தது.

நைனா பொரியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தோளில் இருந்த துண்டை ஒருமுறை சரிசெய்துகொண்டார். "நான்தான் சார்."

"நீ? சாமி இல்லன்னு சொல்ற கூட்டமாச்சே?"

"நான்தான் சார் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் மாமாவின் பக்கம் திரும்பினார். "கதர்க்காரரே, நீங்க சொல்லுங்க. பார்த்தீங்களா?"

நான் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

"நான் அந்நேரம் கோயில்ல இருந்தேன் சார். பாக்கல. ஆனா பொரி கடலை வாங்கினு வந்தது இவருதான். கொழந்தைக்குன்னு வருஷா வருஷம் இவருதான் வாங்கினு வருவாரு."

அத்தனையும் உண்மை.

"இவரு கையில துப்பாக்கி இருக்கலாமா?"

"யாரு கைலயும் இருக்கக் கூடாது சார். உங்க இடுப்புல கீதே, அதுவும்."

நைனா கண்ணை மூடிக்கொண்டார். மாமா நிறுத்தவில்லை. "ஆனா ஒண்ணு. இத்தினி வருஷமா தினம் நான் இவரோட சண்ட போடறேன். கண்டபடி பேசிருக்கேன். கோவத்துல ஒரு தபாகூட அந்தப் பொட்டி பக்கம் இவரு திரும்பிப் பாத்ததில்ல. அது எனக்குத் தெரியும்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். "அடுத்த வருஷம் பொரியை வாயில போடுய்யா" என்று நைனாவிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயைப் பொத்திய கான்ஸ்டபிள் வெளியே போய் வாயைத் திறந்துவிட்டார். அந்த வாரமே படிப்பகத்தில் நைனாவைப் பார்த்து, "இன்னா தலைவரே, பூஜையெல்லாம் பலமா கீதாம்? அடுத்து காவடியா?" என்று கேட்டார்கள். அவரைச் செயலாளராகப் போட இருந்தவர்கள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் வந்து சொல்றேன். நீ போடலன்னு எனக்குத் தெரியாதா?"

"சும்மா இரு மச்சான். நீ அங்க சொன்னா நாளைக்கு ஸ்டேஷன்ல தெரியும். பாப்பா படிப்பு முடியட்டும்."

நைனா படிப்பகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் சீக்கிரம் திரும்பி வந்துவிடுவார். சாப்பிடும்போது மாமா சண்டைக்கு இழுத்தாலும், "சரி மச்சான்" என்பார். அதைக் கேட்கத்தான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு நாள் நான் கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். படிப்பகத்தில் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெஞ்சின் நடுவில் வெள்ளைக் கதரில் மாமா உட்கார்ந்திருந்தார். பேப்பர் படிப்பவர் ஒரு தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் மாமா மறுத்துப் பேசினார். அடுத்ததற்கும் மறுத்தார். தன் கட்சி ஆண்ட காலத்தை வானளாவப் புகழ்ந்தார். அத்தனை பேரும் எழுந்து நின்று அவர்மேல் பாய்ந்துகொண்டிருந்தார்கள். பூஜையும் காவடியும் யாருக்கும் நினைவில் இல்லை. எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தவர் நைனா.

"உனுக்கு இன்னா தெரியும் மச்சான்? ரேஷன் கடைல நின்னுகீறியா நீ?"

"அப்டிக் கேளு தலைவரே!" என்று அவர் தோளில் தட்டினார் ஒருவர். காவடி என்று கேட்ட அதே ஆள்.

மாமா வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். முகம் வேர்த்திருந்தது. "வூட்டுக்குப் போம்மா. நைனா வர லேட்டாவும்னு அம்மாகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அவர்கள் பக்கம் திரும்பிச் சண்டையைத் தொடர்ந்தார்.