சகலை வீட்டு மெமரி

கிள்ளானில் இருந்த என் சகலை கணினி வாங்கிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியின் அக்காள் கணவர். நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல். அந்தக் கணினியில் தமிழில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் காட்டிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்வரை பஸ்ஸில் என் மனைவிக்கு அதே பேச்சு. "அத்தான் மூளையே மூளைங்க!" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மூளையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நானும் வாங்கினேன். அவருடையதில் நாலு மெகாபைட் மெமரி. எனக்குப் பதினாறு வேண்டும் என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸ், நீங்க ஓட்டப்போறது அந்த டாஸ் சிஸ்டம்தானே? எவ்வளவு போட்டாலும் அது கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கும். மிச்சமெல்லாம் சும்மா கிடக்கும்லா."

"கிடக்கட்டும். நீங்க போடுங்க."

அந்த வருஷம் ஆயுத பூஜை எங்கள் வீட்டில். சகலை குடும்பமும் வந்திருந்தது. கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மானிட்டருக்கு மாலை போட்டு, சூடம் காட்டியதும் சுவிட்சைத் தட்டினேன். அந்தக் காலத்துக் கணினி, எழுந்ததும் முதல் வேலையாகத் தன் மெமரியைத் தானே எண்ணும். திரை மூலையில் எண்கள் ஓடும். சகலையுடையது சட்டென்று முடித்துவிடும். என்னுடையது ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன தம்பி, இன்னும் எண்ணி முடியலயா?" என்றார் சகலை. அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்பாடா, என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது!

"அத்தானோடதவிட இதுல ஜாஸ்தியாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நாலு மடங்கு," என்றேன்.

அந்தத் தெம்பில் பத்திரிகை அடிக்கும் புரோகிராமைத் திறந்தேன். மெமரி போதவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. யாரும் படிப்பதற்குள் சுவிட்சை அணைத்தேன். "பூஜை அன்னிக்கு ஆயுதத்த வேலை வாங்கக் கூடாதுல்ல," என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் சுண்டல் கொடுக்கப் போனேன்.

அடுத்த ஆயுத பூஜை கிள்ளானில். சகலை என்னுடையதைப்போல இரண்டு மடங்கு மெமரி போட்டிருந்தார். அவர் ஓட்டியதும் அதே டாஸ்தான். கூடுதலாகப் போட்டது எதற்கும் உதவாது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். நியாயமாகப் பார்த்தால் நான் உள்ளுக்குள் சிரித்திருக்க வேண்டும்.

எண்கள் ஓடின. என்னுடையது நிற்கும் இடத்தைத் தாண்டியும் ஓடின. என் மனைவி அக்காள் தோளைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே நான் வாசலில் நின்றேன்.

"என் மிஷின்ல இன்னும் எவ்வளவு போடலாம், பாஸ்?"