பிள்ளைக் காம்பராவில் ஒரு கவ்வாத்து

அந்தோனியம்மாவுக்கு ஆலோசனை சொல்லப் போகிறவர்கள் தங்கள் மானத்தை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டுப் போவது நல்லது. நான் கையோடு கொண்டுபோனேன்.

பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவர் அவர். இருபது வருடம் கொழுந்து பறித்தவர். முழங்கால் மக்கர் பண்ணியதும் மலையை விட்டு இறங்கி, அம்மாமார் வேலைக்குப் போனபின் பதினான்கு குழந்தைகளை மேய்க்கிறார். எல்லோருக்கும் அவர் ஆயா. நான் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரன். என் இரண்டடி மீன்தொட்டியை, கோடு போட்ட ஏழு குட்டி மீன்களோடு காம்பராவுக்குக் கொடுத்தவன்.

கொடுத்த அன்றே ஷாமிலா அழுகையை நிறுத்தினாள். இரண்டரை வயது. அதுவரை காலையில் தொடங்கும் கத்தல், மலையிலிருந்து அவள் அம்மாவைக் கூட்டிவரும்வரை ஓயாது. ஒரு வாய் சோறு இறங்காது. இப்போது தொட்டிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, மீனுக்கு ஒரு வாய் என்று ஏழு வாய் சாப்பிட்டாள்.

ஆனால் தண்ணீர் கலங்கியது, நாறவும் செய்தது. பதினான்கு பேரும் ஆளுக்கொரு பிஸ்கட் துண்டு போட்டால் எந்தத் தொட்டிதான் தாங்கும்? மேற்பார்வைக்கு வந்த நலன்புரி அதிகாரி ஷிராணி மிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“அடுத்த மாசம் வாரப்பவும் இப்புடி இருந்தா தொட்டிய எடுத்துடணும் ஆயா. பிள்ளைங்களுக்கு ஒத்துக்காது.”

எடுத்துவிட்டால் ஷாமிலாவின் கதி? செடி வைத்தால் தண்ணீர் தெளியும் என்று அந்தோனியம்மாவிடம் சொன்னேன். சனிக்கிழமை இருவரும் ஹட்டனுக்கு பஸ் ஏறினோம்.

மீன் கடைக்காரர் கிஷாந்த் உயரமான சிவப்புச் செடி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

“இது வளந்தா மீன யாரு பாக்குறது? பிள்ளைங்க பாயில உக்காந்துல்ல பாக்குதுங்க. முன்னால நிக்கிற செடி குட்டையா இருக்கணும் தம்பி” என்றார் அந்தோனியம்மா.

அடுத்து, புல்லைப் போல் தரையில் படரும் ஒன்று. அதற்குப் பெரிய லைட்டும் கரியமில வாயு சிலிண்டரும் வேண்டுமாம்.

“எங்க காம்பராவுல ஒரு பல்பு ஒழுங்கா எரிஞ்சாலே திருவிழா. குளுரு தாங்கி, அரை வெளிச்சத்துல நிக்கிற செடி இருக்கா, இல்லையா?”

கிஷாந்த் சிரித்துக்கொண்டே மூலையிலிருந்து விரல் நீளம்கூட இல்லாத கரும்பச்சைச் செடியை எடுத்தார். பெயர் கிரிப்டோ. நம் நாட்டுச் செடிதான். மெதுவாக வளரும், உயராது. பன்னிரண்டு வாங்கினோம். தேயிலைக் கன்று வைப்பதுபோல் இடம் அளந்து, தொட்டியின் முன்பக்கம் இரண்டு வரிசையாக நட்டார் அந்தோனியம்மா.

பத்தாம் நாள் இலைகள் எல்லாம் கூழாகிவிட்டன.

மீன்தொட்டி பற்றி நூறு வீடியோ பார்த்தவன் நான். “உது செத்துப்போச்சுதக்கா. பிடுங்கி எறியுங்கோ. நான் பிளாஸ்டிக் புல்லு வாங்கித் தாறன்” என்றேன்.

அவர் ஸ்வெட்டர் கையை மடித்து, தண்ணீருக்குள் கைவிட்டு, ஒரு செடியின் அடியை விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

“வேரு கெட்டியா இருக்கு சேர். இது சாவல. கவ்வாத்துல நிக்குது.”

சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலையை வெறும் குச்சியாக வெட்டிவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையைப் பார்க்கும் வெளியூர்க்காரன் துக்கம் விசாரிப்பான். இரண்டு மாதத்தில் அதே குச்சி துளிர்க்கும்.

கூழான இலைகளைக் கிள்ளி எறிந்தார். பிஸ்கட்டை ஒளித்துவைத்தார். வாரம் இரண்டு தரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினார். நான் வாங்கிவந்த பிளாஸ்டிக் புல் இப்போது என் வீட்டு வாசலில் கால்மிதி. அதற்கேற்ற இடம் அதுதான் என்று அவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஷிராணி மிஸ் வந்தபோது தண்ணீரில் நாற்றம் இல்லை. செடியும் இல்லை.

“செடி வச்சீங்கன்னு சொன்னாங்க, எங்க?”

“கவ்வாத்து மலையில நின்னுகிட்டு தேயில எங்கன்னு கேப்பாங்களா மிஸ்? வரும்.”

“வேரு அழுகினா திரும்பவும் நாறும் ஆயா. ரெண்டு மாசம் கழிச்சு வாரப்பவும் இப்புடியே இருந்தா எடுத்துடுவேன்.”

அவர் போனதும் அந்தோனியம்மா பாயில் உட்கார்ந்துவிட்டார். “தெரியாம பேசிட்டேனோன்னு பயமா இருக்கு சேர்” என்றார். எனக்கும் பயம்தான்.

ஐந்து வாரம் போயிற்று. ஒரு மத்தியானம், நான்காவது வாய்ச் சோற்றோடு ஷாமிலா கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினாள்.

“ஆயா, கொழுந்து!”

அரிசி அளவில் ஒரு பச்சை. அந்தோனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை என்றார். அன்று அடுப்பே மூட்டவில்லை.

மறுபடி ஷிராணி மிஸ் வந்தபோது பன்னிரண்டும் துளிர்த்திருந்தன, மேலே மீன்கள் ஏழும் பளிச்சென்று தெரிந்தன. அவர் முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்தார்.

“எனக்கொன்னு தாங்க ஆயா, ஆபீஸ்ல வைக்க.”

“இப்ப தரமுடியாது மிஸ். கவ்வாத்துக்குப் பொறவு மொதத் துளிர்ல கைவச்சா செடி எளச்சிடும். அடுத்த வருசம் வாங்க.”

அதிகாரியிடம் இப்படியா?

ஷிராணி மிஸ் எழுந்து சேலையைத் தட்டிவிட்டார். “சரி, அடுத்த வருசம் வாரேன். அதுவரைக்கும் தொட்டிய நல்லாப் பாத்துக்குங்க.”

பேச்சு முடியட்டும் என்று இவ்வளவு நேரம் பொறுத்திருந்த ஷாமிலா, ஏழாவது மீனைக் காட்டி வாயைத் திறந்தாள்.